ஊசிமுனைத் திசுவை வைத்து நுரையீரல் புற்றுநோயின் வகையைச் சொல்ல முடியுமா?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு வயது 61. நுரையீரலில் கட்டி இருக்கிறது என்று சிடி பார்த்துக்கொண்டே ஊசி போட்டு பயாப்ஸி எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் 'நான் ஸ்மால் செல் கார்சினோமா, என்ஓஎஸ்' என்று மட்டும் இருக்கிறது. வகை சொல்லத் திசு போதவில்லை என்கிறார் டாக்டர். மரபணு வெளிப்பாட்டைப் பார்த்து வகை சொல்லும் சோதனை இருக்கிறதாமே, அதைச் செய்தால் மறுபடி ஊசி போடாமல் தப்பிக்கலாமா?"

அப்படி ஒரு சோதனை உண்மையிலேயே இருக்கிறது, ஆய்வுகளில் அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. ஆனாலும் உங்கள் அப்பாவின் பிளாக்கில் (பயாப்ஸித் துண்டைப் புதைத்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியில்) மிச்சமிருக்கும் கொஞ்சத் திசுவை அதற்குச் செலவழிக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தத் திசுவுக்கு அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. காரணத்தை விளக்கக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நான் மூலக்கூறு நோயியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், உங்கள் அப்பாவைப் பார்க்கும் மருத்துவர் இல்லை. அதனால் இதை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பேசுங்கள்.

முதலில் அந்த 'என்ஓஎஸ்'. இதற்கு மேல் வகை பிரிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். நுரையீரல் புற்றுநோயில் ஏறக்குறைய 15 சதவீதம் ஸ்மால் செல் வகை, மீதி 85 சதவீதம் நான் ஸ்மால் செல். இந்த 85க்குள் முக்கியமானவை இரண்டு. சுரப்பிகளைப் போல வளர்ந்து சளி சுரக்கும் அடினோகார்சினோமா ஒன்று. தோலின் மேலடுக்கைப் போல தட்டையான செல்கள் அடுக்கடுக்காக வளரும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா இன்னொன்று. உங்கள் அப்பாவின் கட்டி இந்த இரண்டில் எது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நோய் முற்றியது என்றோ, அபூர்வமானது என்றோ அந்த மூன்றெழுத்துக்கு அர்த்தம் கிடையாது.

ஒரு காலத்தில் இந்தப் பிரிவினையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. ஸ்மால் செல்லா, இல்லையா என்று தெரிந்தால் போதும், ஏனென்றால் இரண்டு நான் ஸ்மால் செல் வகைக்கும் ஒரே கீமோதான். அது மாறியது 2004 வாக்கில். பெவாசிசுமாப் என்ற மருந்தை நுரையீரல் புற்றுநோயில் சோதித்தபோது ஆறு பேருக்கு நுரையீரலில் உயிரை அச்சுறுத்தும் ரத்தப்போக்கு ஏற்பட்டு, நான்கு பேர் இறந்தார்கள். ஸ்குவாமஸ் வகையில்தான் அந்த ஆபத்து கூடுதல் என்று தெரிந்ததும், அடுத்த பெரிய ஆய்வில் ஸ்குவாமஸ் நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. பிறகு 2008இல் பெமெட்ரெக்செட் ஆய்வு வந்தது, 1,725 பேர். இரண்டு குழுவுக்கும் சிஸ்பிளாட்டின் பொது. ஒரு குழுவுக்கு அதோடு பெமெட்ரெக்செட், இன்னொன்றுக்கு ஜெம்சிட்டபின். அடினோகார்சினோமா நோயாளிகள் பெமெட்ரெக்செட்டில் சராசரியாக 12.6 மாதம், ஜெம்சிட்டபினில் 10.9 மாதம் வாழ்ந்தார்கள். ஸ்குவாமஸில் கணக்கு தலைகீழ்: பெமெட்ரெக்செட்டில் 9.4, ஜெம்சிட்டபினில் 10.8. ஒரே மருந்து, ஒரு வகைக்கு நல்லது, இன்னொரு வகைக்குக் கெடுதல். அன்றிலிருந்து, திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட்டிடம் "எந்த வகை?" என்று கேட்பது உயிர்ப் பிரச்சினையாகிவிட்டது. இன்று இம்யூனோதெரபியோடு (உடம்பின் நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் சிகிச்சையோடு) சேர்த்துக் கொடுக்கும் கீமோவும் வகையைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

கேள்வி கடினமான அதே நேரத்தில் கையில் கிடைக்கும் திசுவும் சுருங்கிவிட்டது. பெரும்பாலான நோயாளிகள் அறுவை சிகிச்சைக்கு வழியில்லாத நிலையில்தான் வருகிறார்கள். அவர்களிடமிருந்து கிடைப்பது ஊசியில் வந்த நூல் போன்ற துண்டு, அல்லது மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில் கிள்ளியெடுத்த எள்ளளவு சதை. வழக்கமாகப் பயன்படுத்தும் 18 கேஜ் ஊசியின் வெளிவிட்டமே 1.27 மில்லிமீட்டர்தான். நிணநீர் முடிச்சில் குத்தும் 22 கேஜ் ஊசி அதைவிட மெல்லியது. முழுக் கட்டியும் மேசையில் இருந்தால் ஒரு மூலையில் சுரப்பி தெரியும், இன்னொரு மூலையில் ஸ்குவாமஸுக்கு அடையாளமான கெரட்டின் புரதம் தெரியும். நூலிழையில் இரண்டுமே இல்லாமல் போகலாம். செல்கள் தங்கள் பூர்வீக அடையாளத்தை இழந்து தாறுமாறாக வளர்ந்திருந்தால் இன்னும் மோசம்.

பேத்தாலஜிஸ்ட்டுகள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழகக் குழு ஒன்று சோதித்துப் பார்த்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வில் 24 பேத்தாலஜிஸ்ட்டுகள் 96 ஸ்லைடுகளைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். வெறும் ஊதா, இளஞ்சிவப்புச் சாயம் மட்டும், சிறப்புச் சாயம் எதுவும் கிடையாது. ஒத்துப்போவதை 'கப்பா' என்ற எண்ணால் அளப்பார்கள்: குருட்டாம்போக்கில் சொன்னால் 0, முழு உடன்பாடு என்றால் 1. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லா வகைகளையும் வைத்துப் பார்த்தபோது கப்பா 0.25தான். ஸ்குவாமஸா, இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்குக்கூட 0.55. நுரையீரல் நிபுணர்களுக்கு 0.64, பொதுவான பேத்தாலஜிஸ்ட்டுகளுக்கு 0.41. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வகை தெளிவாக இல்லாத ஒரு கட்டியை வைத்துக்கொண்டு 'தெரியவில்லை' என்று நேர்மையாக எழுதிய பேத்தாலஜிஸ்ட்டுக்கு உங்கள் அப்பாவின் குடும்பம் நன்றி சொல்ல வேண்டும். ஊகித்து ஒன்றை எழுதியிருந்தால் தவறான மருந்து போயிருக்கலாம்.

சரி, மரபணு வெளிப்பாடு என்றால் என்ன? உடம்பின் ஏறக்குறைய எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. கண்ணில் இருக்கும் செல்லும் கல்லீரலில் இருக்கும் செல்லும் வேறுபடுவது, அதில் எந்த மரபணுவை வாசித்து ஆர்என்ஏ நகல் எடுக்கிறது என்பதில். வீட்டில் நூறு பாத்திரம் இருக்கலாம், அடுப்பில் எது ஏறியிருக்கிறது என்று பார்த்தால்தான் இன்றைக்கு என்ன சமையல் என்று தெரியும். ஆர்என்ஏவை அளப்பது அடுப்பைப் பார்ப்பது மாதிரி. புற்றுநோய் செல் உருவம் கெட்டுப்போனாலும், அது பிறந்த இடத்தின் சமையல் பழக்கம் பெரும்பாலும் விட்டுப்போவதில்லை. அடினோகார்சினோமா டிடிஎஃப்-1, நாப்சின் போன்ற மரபணுக்களையும் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் புரதங்களின் மரபணுக்களையும் இயக்கிக்கொண்டிருக்கும். ஸ்குவாமஸ் வகை கெரட்டின் 5, டிபி63, செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிக்கும் டெஸ்மோகிளீன் 3 போன்றவற்றை இயக்கும்.

இந்த யோசனை புதிதல்ல. 2001இல் ஹார்வர்டு குழுவும் ஸ்டான்ஃபோர்டு குழுவும் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வெளியிட்டன. ஹார்வர்டு குழு 186 கட்டிகளிலும் 17 இயல்பான நுரையீரல் துண்டுகளிலும் 12,600 ஆர்என்ஏ வகைகளை மைக்ரோஅரே சில்லில் அளந்தது. கணினியிடம் வகையைச் சொல்லாமல் ஒத்தவற்றை ஒன்றுசேர்க்கச் சொன்னதும், ஸ்குவாமஸ், ஸ்மால் செல், மெதுவாக வளரும் கார்சினாய்டு எல்லாம் தானாகத் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்தன. அடினோகார்சினோமாவே பல உட்கூட்டங்களாகப் பிரிந்தது. நுரையீரலில் பிறந்த அடினோகார்சினோமாவையும் வேறு உறுப்பிலிருந்து பரவி வந்ததையும் வேறுபடுத்திக் காட்டியது. என்னைப் போன்றவர்கள் இந்தத் துறைக்கு வந்ததற்கே அந்த மாதிரிப் படங்கள்தான் காரணம்.

ஆனால் அந்த 186 கட்டிகளும் அறுவை சிகிச்சையில் எடுத்து, உடனே உறைய வைத்த பெரிய துண்டுகள். நிஜ மருத்துவமனையில் கிடைப்பது ஃபார்மலினில் ஊறி, பாரஃபின் மெழுகில் புதைந்த ஊசித்துண்டு. இந்த இரண்டுக்கும் இடையே இருந்த பள்ளத்தைத் தாண்டப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

ஃபார்மலின் திசுவின் உருவத்தை அழகாகப் பாதுகாக்கும். ஆனால் ஆர்என்ஏவைப் புரதங்களோடு பின்னிப் பிணைத்து, துண்டுதுண்டாக உடைத்துவிடும். பிளாக் பழசாக ஆக இன்னும் உடையும். ஆய்வகத்தில் முதலில் பார்ப்பதே, ஆர்என்ஏ துண்டுகளில் எத்தனை சதவீதம் 200 எழுத்துக்கு மேல் நீளமாக இருக்கின்றன என்பதைத்தான். 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மேலே போகத் தயங்குவோம். அளவும் பிரச்சினை. ஒரு மனித செல்லில் இருக்கும் மொத்த ஆர்என்ஏ தோராயமாக 10 முதல் 30 பிக்கோகிராம். ஆயிரம் புற்றுநோய் செல்கள் முழுசாகக் கிடைத்தாலும் 10 முதல் 30 நானோகிராம்தான். அதிலும் நமக்கு வேண்டிய தூது ஆர்என்ஏ சில சதவீதம் மட்டுமே. 4 மைக்ரான் தடிமனில் சீவும்போது பல செல்களின் பாதிதான் கிடைக்கும். மெழுகைக் கரைத்துப் பிரித்தெடுக்கும் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போகும்.

இதைச் சமாளிக்க மூன்று விதமான வழிகள் வந்தன.

முதலாவது, மேலே சொன்ன அதே நார்த் கரோலினா குழுவினுடையது. மருத்துவர்களின் உடன்பாடு குறைவு என்று காட்டியதோடு நிற்காமல், அதே 2013இல் மாற்று வழியையும் வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்களை விட்டுவிட்டு, வகையை நன்றாகப் பிரித்துக்காட்டும் சில பத்து மரபணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மெழுகு பிளாக்கிலிருந்து எடுத்த ஆர்என்ஏவில் அவற்றைப் பிசிஆர் மூலம் அளந்தார்கள். பிசிஆரில் மிகக் குட்டையான துண்டுகளைப் படித்தாலே போதும் என்பதால் உடைந்த ஆர்என்ஏவும் பயன்படும். அடினோகார்சினோமா, ஸ்குவாமஸ், ஸ்மால் செல், கார்சினாய்டு என்று நான்கு விடைகள். சராசரித் துல்லியம் 84 சதவீதம், கப்பா 0.77. அதே பிளாக்குகளைப் பார்த்த பேத்தாலஜிஸ்ட்டுகளின் அளவுக்கே அதுவும் சரியாகச் சொன்னது. இந்த 84ஐ எப்படிப் புரிந்துகொள்வது என்று நிறையப் பேருக்குக் குழப்பம் வருகிறது. ஒப்பிடும் அளவுகோலே பேத்தாலஜிஸ்ட்டின் விடைதான். அந்த அளவுகோலே முழுசாக நேராக இல்லாதபோது, எந்தச் சோதனையும் அதோடு 100 சதவீதம் ஒத்துப்போக வழியே இல்லை.

இரண்டாவது, 2016இல் டெக்ஸாஸின் யூடி சவுத்வெஸ்டர்ன் மையத்திலிருந்து வந்தது. 62 மரபணுக்கள். அதில் 42 மரபணுக்கள் அடினோவையும் ஸ்குவாமஸையும் பிரிக்கும். மீதி 20 மரபணுக்கள் புற்றுநோயையும் இயல்பான நுரையீரலையும் பிரிக்கும். பொதுத் தரவுகளில் 93 முதல் 95 சதவீதம் சரியாகச் சொன்னது. இதை ஆர்என்ஏவைத் தனியாகப் பிரித்தெடுக்காமலே, திசுவைக் கரைத்து அதற்குள்ளேயே ஒட்டும் சிறு துணுக்குகளை விட்டு அளக்கும் முறைக்கும் மாற்றினார்கள். பிரித்தெடுக்கும்போது ஏற்படும் இழப்பு இல்லாததால் சின்ன பயாப்ஸிக்கு அது நல்ல வழி.

மூன்றாவது மைக்ரோ ஆர்என்ஏ. இவை 22 எழுத்து நீளமே உள்ள குட்டித் துணுக்குகள். ஏற்கனவே குட்டையாக இருப்பதால் ஃபார்மலினில் பெரிதாகச் சேதமாவதில்லை. மைக்ரோ ஆர்என்ஏ 205 என்ற ஒன்றே ஒன்று ஸ்குவாமஸில் மிக அதிகமாக இருப்பதை 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. ஸ்குவாமஸ் உள்ளவர்களில் 96 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்தது, இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. ஒற்றைத் துணுக்கு இவ்வளவு சொல்வது எனக்கு இன்றும் வியப்புதான்.

இவ்வளவு நன்றாக இருந்தும் ஏன் இவை எல்லா மருத்துவமனையிலும் வழக்கமாகவில்லை? முக்கியமான காரணம், இவற்றைவிட மலிவான ஒன்று இடையில் புகுந்துவிட்டது. இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி, சுருக்கமாக ஐஎச்சி. ஒரு மரபணு உண்டாக்கும் புரதத்தை ஆன்டிபாடி கொண்டு பிடித்து, பழுப்பு நிறத்தில் காட்டும் சாயம். 2011இல் சர்வதேச நுரையீரல் புற்றுநோய்ச் சங்கமும் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்களும் சேர்ந்து சின்ன பயாப்ஸிக்கென்றே முதல் முறையாக விதிகள் வகுத்தன. உலக சுகாதார நிறுவனம் 2015இல் அதை ஏற்றது. உருவத்தைப் பார்த்து வகை தெரியவில்லை என்றால் ஓர் அடினோ சாயம், ஒரு ஸ்குவாமஸ் சாயம் போடுங்கள், பெரும்பாலும் டிடிஎஃப்-1ம் பி40ம் போதும், திசுவை வீணாக்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். பி40 என்பது டிபி63 மரபணுவின் ஒரு வடிவம். அதற்கு முன்பு பயன்பட்ட பி63 சாயம் அடினோகார்சினோமாவிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குக்குப் பழுப்பாகிக் குழப்பியது. பி40 மூன்று சதவீதத்தில்தான் அப்படி ஆனது.

யோசித்துப் பாருங்கள், ஐஎச்சியும் மரபணு வெளிப்பாட்டைத்தான் பார்க்கிறது. இரண்டே மரபணு, ஆனால் புரதமாக. 62 மரபணுப் பட்டியலில் பேத்தாலஜிஸ்ட்டுகள் வழக்கமாகப் போடும் சாயங்களின் மரபணுக்களும் இடம்பெற்றன. உயிரியல் ஒன்றுதான் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. இரண்டு சாயம் போட்டாலே என்ஓஎஸ் என்று எழுத வேண்டிய கட்டிகள் பத்தில் ஒன்றுக்கும் கீழே குறைந்துவிடும். அந்த மிச்சத்துக்குத்தான் பெரிய மரபணுப் பட்டியல் தேவைப்படும்.

ஐஎச்சிக்கு இருக்கும் இன்னொரு பலத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அது இடத்தைக் காட்டும். பழுப்பு நிறம் புற்றுநோய் செல்லில் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கும் இயல்பான செல்லில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ஆர்என்ஏ சோதனையில் திசுவை மொத்தமாகக் கரைத்துவிடுகிறோம், குழம்பில் எது எந்தக் காயிலிருந்து வந்தது என்று தெரியாது. நுரையீரலில் இது சாதாரணப் பிரச்சினை இல்லை. இயல்பான காற்றறைச் செல்களே டிடிஎஃப்-1ஐயும் சர்ஃபாக்டன்டையும் ஏராளமாக உண்டாக்குகின்றன. அதாவது ஆரோக்கியமான நுரையீரல் அடினோகார்சினோமாவின் குரலில் பேசும். ஸ்குவாமஸ் கட்டியின் ஓரத்தில் ஊசி குத்தி, பாதித் துண்டு இயல்பான நுரையீரலாக இருந்தால், கணக்கு அடினோ பக்கம் சாயும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை இதை நேரில் பார்த்தேன். ஆர்என்ஏ முடிவு தெளிவாக அடினோ என்று வந்தது. ரிப்போர்ட் எழுதும் முன்பு ஸ்லைடை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், துண்டின் முக்கால்வாசி காற்றறைகள், ஒரு மூலையில் சின்னக் கூட்டமாகப் புற்றுநோய் செல்கள், அவை பி40இல் பளிச்சென்று பழுப்பு. ஸ்குவாமஸ். ஸ்லைடைப் பார்க்காமல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். அதற்கப்புறம் புற்றுநோய் இருக்கும் பகுதியைப் பேனாவால் வட்டமிட்டு, அந்த இடத்தை மட்டும் சுரண்டி எடுக்காமல் எதையும் நாங்கள் ஆர்என்ஏவுக்கு அனுப்புவதில்லை. 62 மரபணுப் பட்டியலில் அந்த 20 மரபணுக்கள் ஏன் இருக்கின்றன என்பது இப்போது புரியும்: 'இது புற்றுநோய்த் திசுவா, வெறும் நுரையீரலா' என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு வகையைக் கேட்க. சின்ன பயாப்ஸிக்காக யோசித்தவர்களுக்கே வரும் அக்கறை அது.

இன்னொரு பலவீனம், சோதனை எப்போதும் ஏதாவது ஒரு விடை சொல்லிவிடும். நான்கு விடையில் ஒன்றை டிக் செய்யச் சொன்னால், சரியான விடை அந்த நான்கிலுமே இல்லாதபோதும் ஒன்றில் டிக் விழும். மார்பகத்திலிருந்தோ சிறுநீரகத்திலிருந்தோ பரவி வந்த கட்டியை நுரையீரல் வகைகள் மட்டும் தெரிந்த பட்டியலிடம் கொடுத்தால் அது பக்கத்து வகையைச் சொல்லும். நட் கார்சினோமா, ஸ்மார்கா4 குறைபாடுள்ள கட்டி போன்ற மிக ஆக்ரோஷமான அபூர்வ வகைகளும் அப்படித்தான் தப்பிப்போகும். பேத்தாலஜிஸ்ட் 'இது ஏதோ வேறு மாதிரி இருக்கிறதே' என்று சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகம் பட்டியலுக்கு வராது. அடினோவும் ஸ்குவாமஸும் கலந்த கட்டியில் ஊசி ஒரு பக்கத்தை மட்டும் தொட்டிருந்தால், எந்தத் தொழில்நுட்பமும் தொடாத பக்கத்தைப் பற்றிச் சொல்லப் போவதில்லை.

இனி உங்கள் அப்பாவின் பிளாக்கில் மிச்சமிருக்கும் திசுவுக்கு வருவோம்.

வகை தெரிவது முக்கியம்தான். ஆனால் இன்று சிகிச்சையை அதைவிடப் பெரிதாகத் திருப்பிவிடுவது கட்டியை ஓட்டும் மரபணு மாற்றம். 2004இல் ஈஜிஎஃப்ஆர் மாற்றங்களும், 2007இல் ஆல்க் இணைவும் கண்டுபிடிக்கப்பட்டன. பிறகு ராஸ்1, ரெட், மெட், என்ட்ரக் என்று பட்டியல் நீண்டது. இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது, அவர்களுக்கு மாத்திரையே முதல் சிகிச்சை. ஆல்க் உள்ளவர்கள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான், ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் பலன் அசாதாரணம். ஆல்க்கைத் தடுக்கும் லார்லாட்டினிப் மாத்திரையின் ஆய்வில் ஐந்து வருடம் கழித்தும் 60 சதவீதம் பேருக்கு நோய் முன்னேறாமல் இருந்தது. பரவிய நுரையீரல் புற்றுநோயில் இப்படி ஓர் எண்ணைப் பார்ப்பேன் என்று நான் இந்த வேலைக்கு வந்தபோது நினைத்ததில்லை. என்ஓஎஸ் என்று வந்தவர்களுக்கும் இந்தச் சோதனைகள் செய்ய வேண்டும். ஸ்குவாமஸ் என்று உறுதியானவர்களில்கூட, புகைக்காதவராகவோ இளவயதினராகவோ இருந்தால் செய்யச் சொல்வேன்.

ஆர்என்ஏ உண்மையில் பளிச்சிடுவதும் இங்கேதான். ஆல்க், ராஸ்1, ரெட், என்ட்ரக் எல்லாம் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்வதால் வருபவை. டிஎன்ஏவில் அந்த ஒட்டு, நீண்ட இடைவெளிப் பகுதிகளுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும், தேடித் தவறவிடலாம். ஆர்என்ஏவில் அந்த இடைவெளிகள் வெட்டி எறியப்பட்டு, இரண்டு மரபணுவும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே தெரியும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், டிஎன்ஏ சோதனையில் எந்தக் காரண மாற்றமும் அகப்படாத அடினோகார்சினோமாக்களை ஆர்என்ஏவில் மறுபடி பார்த்தார்கள். சுமார் 14 சதவீதத்தில், அதாவது ஏழில் ஒருவரிடம், தவறவிட்ட ஒன்று அகப்பட்டது. அதனால், இருக்கும் ஆர்என்ஏவை எதற்குச் செலவழிப்பது என்று என்னைக் கேட்டால், அடினோவா ஸ்குவாமஸா என்று சொல்லும் பட்டியலுக்கு முன்பு இணைவைத் தேடும் பட்டியலுக்குத்தான் கொடுப்பேன்.

ஸ்மால் செல் வகையில் மட்டும் என் கருத்து வேறு. அங்கே அறுவை சிகிச்சை அபூர்வம், எல்லாமே சின்ன பயாப்ஸிதான், ஓட்டுநர் மாற்றமும் பெரிதாகக் கிடையாது. அங்கே மரபணு வெளிப்பாடுதான் நோயைப் பிரித்துப் பார்க்க இருக்கும் முக்கியமான வழி. ஏஎஸ்சிஎல்1, நியூரோடி1, பிஓயு2எஃப்3 ஆகிய மூன்று மரபணுக்களில் எது ஓங்கியிருக்கிறது என்பதை வைத்து மூன்று கூட்டம், மூன்றும் குறைவாக இருந்து நோயெதிர்ப்பு செல்கள் நிறைந்த நான்காவது கூட்டம் என்று 2021இல் எம்.டி. ஆண்டர்சன் மையத்தினர் பிரித்தார்கள். இம்யூனோதெரபியின் பலன் அந்த நான்காவது கூட்டத்தில்தான் கூடுதலாகத் தெரிந்தது. இன்னும் சில வருடங்களில் ஸ்மால் செல் ரிப்போர்ட்டிலேயே இந்த உட்கூட்டம் எழுதப்பட்டு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். இது உங்கள் அப்பாவுக்குச் சம்பந்தமில்லாதது, விஷயம் பிடித்ததால் சொல்லிவிட்டேன்.

இப்போது டாக்டரிடம் என்னென்ன கேட்பது? முதலில், டிடிஎஃப்-1, பி40 சாயங்கள் போட்ட பிறகும் என்ஓஎஸ்தானா, இல்லை திசு குறைவு என்று போடவே இல்லையா என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு நிலைமை. இரண்டு சாயமும் நெகட்டிவ் என்றால்கூட அடினோகார்சினோமா இல்லை என்று ஆகிவிடாது. கிட்டத்தட்ட ஐந்தில் ஓர் அடினோகார்சினோமாவில் டிடிஎஃப்-1 வருவதில்லை. சளிக்கான சாயம் ஒன்று போட்டால் சில சமயம் வகை தெளிவாகும். அடுத்து, பிளாக்கில் இன்னும் புற்றுநோய் செல்கள் எவ்வளவு மிச்சம் என்று பேத்தாலஜிஸ்ட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சாயத்துக்கு ஒரு தடவை, மரபணுவுக்கு ஒரு தடவை, இம்யூனோதெரபி பலன் தருமா என்று கணிக்க உதவும் பிடி-எல்1 சோதனைக்கு ஒரு தடவை என்று பிளாக்கைத் திரும்பத் திரும்ப மெஷினில் ஏற்றினால், ஒவ்வொரு முறையும் மேற்பரப்பைச் சமப்படுத்தவே சில சீவல்கள் குப்பைக்குப் போகும். சின்னத் துண்டில் அது பெரிய நஷ்டம். தேவையான எல்லாச் சீவல்களையும் ஒரே அமர்வில் வெட்டி வைத்துக்கொள்ளச் சொன்னால் போதும். டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் ஒரே சீவல்களிலிருந்து சேர்த்தே எடுக்கும் சோதனைகள் இருக்கின்றன, முடிந்தால் அதைக் கேளுங்கள்.

அதே நாளில் ரத்தத்தையும் கொடுத்துவிடலாம். கட்டியிலிருந்து ரத்தத்தில் கசியும் டிஎன்ஏவில் ஈஜிஎஃப்ஆர் போன்ற மாற்றம் தென்பட்டால் அதை நம்பி சிகிச்சை தொடங்கலாம். ஒன்றும் வரவில்லை என்றால் அதை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கட்டி போதுமான டிஎன்ஏவைக் கசியவிடாமல் இருந்திருக்கலாம். அடினோவா ஸ்குவாமஸா என்பதை வழக்கமான ரத்தச் சோதனை சொல்லாது.

இவ்வளவுக்கும் பிறகு மறுபடி ஊசி தேவை என்று சொன்னால், தயவுசெய்து பயந்து மறுக்காதீர்கள். இரண்டாவது முறை எங்கே குத்துவது என்பதைப் பேசுங்கள். கழுத்திலோ மார்பு நடுவிலோ வீங்கிய நிணநீர் முடிச்சு, நுரையீரலைச் சுற்றி நீர், கல்லீரலில் புள்ளி இருந்தால் நுரையீரலை மறுபடி குத்தாமலே திசு கிடைக்கலாம். நிணநீர் முடிச்சில் காற்றறைச் செல் கிடையாது, அதனால் மேலே சொன்ன கலப்படப் பிரச்சினையும் வராது. நுரையீரல் நீரை எடுத்தால் மொத்தத்தையும் செல் பிளாக் செய்ய (அதிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகில் புதைக்க) கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு குப்பி மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கொட்டிவிட வேண்டாம். நுரையீரலையே குத்துவதாக இருந்தால், ஊசி போடும் அறையிலேயே ஒருவர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து 'செல் வந்திருக்கிறது' என்று சொல்லும் வசதி இருக்கிறதா என்றும், இரண்டு மூன்று இழை கூடுதலாக எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். துண்டுகள் ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 48 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலை எடுத்த பயாப்ஸி திங்கள், செவ்வாய் வரை ஊறுவதுண்டு, அதனால் வாரத் தொடக்கத்தில் செய்துகொள்வது நல்லது.

ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் போட்ட சாயங்களின் பட்டியல் இருக்கும். பி40, டிடிஎஃப்-1 என்ன வந்தது, எத்தனை இழை எடுத்தார்கள், அதில் எத்தனை சதவீதம் கட்டி என்று எழுதியிருக்கிறது என்பதை மட்டும் இங்கே போடுங்கள், பெயரையும் ஆஸ்பத்திரியையும் மறைத்துவிட்டு. பிளாக்கில் மிச்சமிருப்பதை வைத்து எந்தச் சோதனையை முதலில் கேட்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.